ஒற்றைச் சிப்பாய்

என் வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் ரோமானியக் காசு. திருவனந்தபுரம் வலியசாலையில் எங்கள் தெருவின் மற்ற ஆண்கள் காபியும் செய்தித்தாளுமாக இருக்கும்போது இவர் பூதக்கண்ணாடியும் கையுமாக இருப்பார். கரூர்ப் பக்கம் ஆற்று மணலில் அரித்தெடுத்த, சட்டைப் பொத்தான் அளவே உள்ள வெண்கலக் காசுகள். ரோமப் பேரரசு தள்ளாடத் தொடங்கிய காலத்தில் அடித்தவை. திருடன்கூடச் சீண்ட மாட்டான். கல்யாணமான புதிதில் எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. பிறகு எனக்கும் தொற்றிக்கொண்டது.

ஒரு பக்கம் அரசன் தலை. மறுபக்கம் பெரும்பாலும் இரண்டு சிப்பாய்கள் ஈட்டி பிடித்து எதிரெதிரே நிற்பார்கள், நடுவில் படைக்கொடி. கொடி ஒன்றா இரண்டா, காலடியில் காசடித்த ஊரின் எழுத்து என்ன, நட்சத்திரம் ஏதாவது உண்டா என்று பார்த்துத்தான் வகை பிரிப்போம். இரண்டு சிப்பாய்க் காசு கொட்டிக் கிடக்கிறது. ஒரே ஒரு சிப்பாய் நிற்கிற காசும் உண்டு. அது லேசில் அகப்படாது. அவருக்கு அதன்மேல் தீராத ஆசை.

போன வருஷம் மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் தளர்ந்துபோயின. பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது. டாக்டர் கவனம், இடது பக்கம் என்று என்னவோ விளக்கினார். கையும் காலும் திரும்ப வருமா என்பதிலேயே என் புத்தி இருந்ததால் மீதியெல்லாம் காதில் விழுந்ததோடு சரி.

வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் கேட்டது காசுப் பெட்டியைத்தான். ஒரு சின்னக் கேமராவின் கீழே காசை வைத்தால் லேப்டாப் திரையில் அப்பளம் அளவுக்குத் தெரியும். எல்லாவற்றையும் பொருத்திக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் ஒரே சத்தம்.

“இங்க வா, கேட்டியா! ஒத்தைச் சிப்பாயாக்கும்!”

நான் ஒரு அவசரக்குடுக்கை. கையைத் துடைத்துக்கொண்டு, நாகர்கோவிலில் இருக்கும் அவருடைய காசு சிநேகிதருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அப்புறம்தான் வந்து பார்த்தேன். திரையில் இரண்டு சிப்பாய்கள் நின்றிருந்தார்கள்.

“ஏன்னா, ரெண்டு பேர்னா இருக்கா?”

“எங்க இருக்கா?”

“இதோ, இடது பக்கம்.”

“அங்க ஒண்ணும் இல்லை. உன் கண்ணைத்தான் டாக்டர்ட்ட காட்டணும்.”

காசைத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன். இடது பக்கத்துச் சிப்பாய் இப்போது வலது பக்கம் வந்துவிட்டான்.

“தலைகீழா வச்சிருக்கியே. இது வேற காசா? இதுவும் ஒத்தைதான்! ஜோடியா வந்திருக்குடி!” என்று வாய்விட்டுச் சிரித்தார்.

மற்றதெல்லாம் அப்போதுதான் புரிந்தது. வலது கன்னத்தை மட்டும் சவரம் செய்துகொண்டு வந்து நின்றவரைச் சோம்பேறி என்று திட்டியிருந்தேன். ஊறுகாய் வைக்கவில்லை என்று அவர் முணுமுணுத்தபோது, தட்டின் இடது ஓரத்தில் அது இருந்தது. மறுபடி டாக்டரிடம் போனோம். கண்ணில் கோளாறு இல்லை, மூளைதான் இடது பக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்றார். சிலருக்குத் திரும்புமாம், சிலருக்கு அப்படியே நின்றுவிடுமாம்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கை வராவிட்டால் நான் கைகொடுப்பேன். பாதி உலகம் காணாமல் போனது தெரியாமலே ஒரு மனுஷர் சந்தோஷமாக இருந்தால் அவரிடம் போய் என்ன சொல்வது? சொன்னாலும் என்னோடுதான் சண்டைக்கு வந்தார். இதற்கிடையில் நாகர்கோவில்காரர் காசின் படம் கேட்டு விடாமல் போன் செய்தார். கேமரா ரிப்பேர் என்று சொல்லி வைத்தேன்.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வீட்டுக்கு வரும் மலையாளிப் பெண்தான் ஒரு வழி சொன்னாள்.

“மாமி, இடது சைடுல சுவப்பா எந்தெங்கிலும் ஒட்டி வைங்க. சார் அதைத் தொட்டிட்டு மதி பாக்கி எல்லாம்.”

அதாவது, எதைப் பார்ப்பதானாலும் முதலில் சிவப்பைத் தேடித் தொட வேண்டும், அங்கிருந்துதான் வலது பக்கம் வர வேண்டும். வீட்டில் சிவப்பாக இருந்தது என் ஸ்டிக்கர் பொட்டு. தட்டின் ஓரத்தில் ஒன்று, சவரக் கண்ணாடிச் சட்டத்தில் ஒன்று, லேப்டாப் திரையின் இடது விளிம்பில் ஒன்று என்று ஒட்டினேன்.

“லேப்டாப்புக்கு எதுக்குடி பொட்டு? கல்யாணம் பண்ணி வைக்கப் போறியா?” என்றார்.

காலையில் காசை வைத்ததும் “பொட்டைத் தொட்டாச்சா?” என்பேன். “தொட்டாச்சு, தொட்டாச்சு” என்பார். தொட்டதோடு சரி, கண் உடனே வலது பக்கம் ஓடிவிடும். மறுபடியும் ஒற்றைச் சிப்பாய். அவற்றுக்கென்று தனியாக ஒரு டப்பா வைத்து, ஒவ்வொன்றாக அதில் போட்டுக்கொண்டு வந்தார். உலகத்திலேயே அந்த அபூர்வக் காசு அதிகம் உள்ள வீடு எங்களுடையதாகத்தான் இருந்திருக்கும். அந்த டப்பாவைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெயில் ஏறத் தொடங்கிய பிறகு ஒரு நாள் டாக்டர், இனிமேல் பெரிய மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம் என்கிற தோரணையில் பேசி அனுப்பினார். மறுநாள் காலை வழக்கம்போலக் காசை வைத்துக் கொடுத்துவிட்டு அவருடைய இடது பக்கம் போய் உட்கார்ந்தேன். அழுகை வந்தால் அங்கே போய் உட்காருவது எனக்குப் பழக்கமாகியிருந்தது. அந்தப் பக்கம் நான் இருப்பதே அவருக்குத் தெரியாது.

அவர் பொட்டைத் தொட்டார். விரலை அவசரமில்லாமல் திரைமேல் நகர்த்தினார். பாதி வழியில் விரல் நின்றது.

“சே! ரெண்டு பேர்.”

“என்னது?” என்றேன்.

“ரெண்டு சிப்பாய். இந்தப் பக்கம் ஒருத்தன் ஒளிஞ்சுண்டு நிக்கறான் பாரு. சாதாக் காசு. ஒண்ணுத்துக்கும் ஆகாது.”

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். குரல் வந்த திசையைத் தேடுகிறவர் போல அவர் கழுத்தைத் திருப்பினார். பொட்டையும் தாண்டி, இன்னும் கொஞ்சம் திரும்பி, என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் அவர் என்னைப் பார்த்து மாதக்கணக்காகிவிட்டது.

“அசடே, இதுக்குப் போய் அழுவாளா?” என்றார். “ஒரு காசுதானே. போனாப் போறது, விடு.”