முதல் சலவைக்குப் பின்

என் குறிப்பேட்டின் முன்பக்கங்களில் ஊர்ச் செய்திகள் இருக்கும். பின்னட்டையிலிருந்து திருப்பினால் வேறு குறிப்புகள். ‘சாம்பல் நிற பாடி. காலை ஏழு மணி. பத்தரைக்கு அரிப்பு தொடக்கம். இடது பக்கம், மார்புக்குக் கீழே, இரண்டு விரல் அகலம்.’ இப்படி மூன்று மாதக் குறிப்புகள். செய்தி எழுதுகிற அதே பேனாவால் எழுதியவை.

எனக்குச் சொரியாசிஸ். பன்னிரண்டு வருடமாக இருக்கிறது. அது யாருக்கும் ஒட்டாது. என்னை விட்டு முழுதாகப் போகவும் போகாது. முழங்கைகளில் மட்டும் இருந்தவரை முழுக்கைச் சுடிதார் போட்டு மறைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். இரண்டு வருடங்களுக்கு முன் மார்புக்குக் கீழும், இடுப்பில் நாடா கட்டும் இடத்திலும், தொடை இடுக்கிலும் வந்தது. அந்த இடங்களில் செதில் உதிர்வதில்லை. தோல் சிவந்து வழவழப்பாகிவிடும். வியர்வை பட்டால் எரியும்.

ஒரு நாளிதழுக்கு அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரச் செய்திகளை அனுப்புவது என் வேலை. காலையில் பஸ் ஏறினால் ஒரு நாள் நரிக்குடி, ஒரு நாள் மல்லாங்கிணறு, இன்னொரு நாள் வீரசோழன். வியர்வை இல்லாத நாள் கிடையாது.

பங்குனியில் நரிக்குடிப் பக்கத்து ஊர் ஒன்றில் கண்மாய் மடையைப் பழுது பார்ப்பது பற்றி ஒரு கூட்டம். தகரக் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. பாடியின் எலாஸ்டிக் பட்டை சூடேறிய கம்பி போல இருந்தது. அதிகாரிகள் பேசி முடித்ததும் கூட்டம் முடிந்த மாதிரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மறுநாள் இன்னொரு பத்திரிகையில் படத்தோடு பெட்டிச் செய்தி. நான் போன பிறகு ஒரு பெண் எழுந்து, “தண்ணி வாரதுக்கு முன்னாடி மடையச் சரி பண்ணுவீகளா, வந்த பெறகு பண்ணுவீகளா, அத மட்டும் சொல்லுங்க” என்று கேட்டிருக்கிறார். அதிகாரிகள் யாரும் பதில் சொல்லவில்லை. கூட்டத்தின் செய்தியே அதுதான். என் செய்தியில் அது இல்லை.

மதுரை அலுவலகத்திலிருந்து செய்தி ஆசிரியர் கூப்பிட்டார். கோபப்படவில்லை. “உடம்பு முடியலைன்னா இங்க டெஸ்குக்கு வந்துரும்மா. ஏசியில உக்காந்து பக்கம் பாக்கலாம். ஆடிக்குள்ள சொல்லு” என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் மற்றவர்கள் போய்ப் பார்த்து எழுதியதைத் திருத்திக்கொண்டிருப்பது எனக்கு வேலையாகப் படாது. ஆடிவரை நேரம் இருந்தது.

விருதுநகரில் நான் பார்க்கும் தோல் மருத்துவர் ஒரு பெண். அந்த முறை அவர் களிம்பு எழுதும் முன்பு, “உள்ள என்ன போடுறீங்க? அதச் சொல்லுங்க” என்று கேட்டார். சொன்னேன். எலாஸ்டிக் பதிந்திருந்த தடத்தைக் காட்டினார். நோயும் அதே கோட்டில்தான் படர்ந்திருந்தது. “உரசுற இடத்துல புதுசா வரும். சுத்தமான பருத்தி, அகலப் பட்டை, உள்ள தையல் துருத்தக் கூடாது. இறுக்கம் வேண்டாம். களிம்பு பாதி வேலைதான் செய்யும். மீதிய நீங்கதான் செய்யணும்.”

அருப்புக்கோட்டையில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றுக்குப் போனேன். உள்ளாடை வாங்க நான் எப்போதும் எடுத்துக்கொள்வது மூன்று நிமிடம். அளவைச் சொல்வது, பொட்டலத்தை வாங்குவது, திரும்புவது. அன்று முக்கால் மணி நேரம் நின்றேன். ஒவ்வொன்றையும் உள்பக்கம் திருப்பி, தையல் மேல் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன். லேஸ் வைத்தது வேண்டாம். எலாஸ்டிக் நேராகத் தோலில் படுவது வேண்டாம். துணிக்குள் மடித்துத் தைத்திருக்க வேண்டும். முதுகில் உறுத்தும் லேபிளைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

விற்பனைப் பெண் பொறுமை இழந்தாள். “யக்கா, உள்ள போடுறதுதான. யாரு பாக்கப் போறா?”

“நான் பாக்கலம்மா, என் தோலு பாக்கும்.”

“சரி, சைஸு?”

வழக்கத்தைவிட ஒரு அளவு கூடுதலாகச் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “துவச்சா இன்னும் லூசாயிரும்க்கா. எல்லாரும் ஒரு சைஸு கம்மியாத்தான் எடுப்பாக. அப்பறம் தொளதொளன்னு இருக்குன்னு வந்தீகன்னா, இதுக்கெல்லாம் ரிட்டன் கெடையாது, சொல்லிட்டேன்.”

வரமாட்டேன் என்று சொல்லி மூன்று வாங்கினேன். செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டுக் கொடுத்தாள். எந்தப் பத்திரிகை என்று பார்ப்பது என் பழக்கம். எங்களுடையது இல்லை.

முதல் முறை போட்ட நாளில் மாலை ஐந்து மணிவரை எதுவும் இல்லை. பின்பக்கக் குறிப்பில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன். நான்காம் நாள், துவைத்து வந்ததைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். திருச்சுழி தாண்டுவதற்குள் எரிந்தது. துணி சரியில்லை என்று நினைத்து வேறு தயாரிப்பு வாங்கினேன். முதல் நாள் சுகம். துவைத்த பிறகு பழைய கதை. ஜட்டியும் அப்படியே. சோப்புத்தூளை மாற்றினேன். கொக்கி வைத்ததை விட்டுத் தலைவழியாகப் போடுகிற மாதிரி வாங்கினேன். மூன்றாம் முறையும் அதே வரிசை.

ஆனி மாதத்தில் ஒரு நாள் பஸ்ஸில் அந்தக் குறிப்புகளை முதலிலிருந்து படித்தேன். யாரோ கொடுத்த புகார் மனுவைப் படிப்பது போலப் படித்தேன். கடை மாறியிருக்கிறது, துணி மாறியிருக்கிறது, சோப்பு மாறியிருக்கிறது. மாறாதது ஒன்றுதான். கெடுவதெல்லாம் முதல் சலவைக்குப் பின். அதாவது, என் வீட்டுக்குள்.

வீட்டில் பெரும்பாலும் நானும் மாமியாரும்தான். கணவர் லாரியோடு போய்விடுவார். நான் ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவதால் துவைப்பது மாமியார். துணி விறைப்பாகக் காய்வது எனக்குத் தெரியும். எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. எல்லார் வீட்டிலும் துணி அட்டை போலத்தான் காயும் என்று நினைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தேன். கொல்லையில் மாமியார் சோறு வடித்த கஞ்சியைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, துணி வழியாக வடிகட்டி, வாளியில் ஊற்றினார். என் சுடிதார்கள் முங்கி எழுந்தன. அடுத்து உள்பாவாடை. அடுத்து, நான் முக்கால் மணி நேரம் நின்று தேர்ந்தெடுத்த பாடிகள் மூன்றும், ஜட்டிகளும். ஒவ்வொன்றையும் கஞ்சியில் அமுக்கி, பிழிந்து, சுருக்கமில்லாமல் உதறினார்.

“அத்த, இதுக்குமா கஞ்சி?”

“பின்ன? காட்டன் துணியில்ல. கஞ்சி போடாட்டி கந்தலாப் போயிரும்.”

“இது உள்ள போடுறது அத்த.”

“உள்ள போட்டா என்ன? வெளிய போற பிள்ள. அதிகாரிக கூட எல்லாம் உக்காருறவ. நாங்க கருதறுக்கப் போகையில நைஞ்ச துணியக் கட்டிட்டுப் போவோம். மொதலாளி வீட்டம்மா மொடமொடன்னு வந்து வரப்புல நிப்பாக. அவுக நடந்தா துணி சத்தம் போடும்.” வாளியிலிருந்து நிமிர்ந்தார். “எம் மருமகளுக்கு மேல இருந்து உள்ள வரைக்கும் மொடமொடன்னுதான் இருக்கணும்.”

கொடியில் காய்ந்திருந்த ஒன்றை எடுத்தேன். வழக்கம்போல ஒரு துண்டுக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல், வெயிலும் படாமல் காய்ந்திருந்தது. அடிப்பட்டையை மடித்தேன், அப்பளம் போல நொறுங்கும் ஓசை கேட்டது. காலையில் உரசும், வியர்த்ததும் கஞ்சி இளகிப் பிசுபிசுக்கும், காற்றில் காய்ந்து மறுபடி உரசும். மூன்று மாதக் குறிப்புகளுக்கு விளக்கம் அந்தப் பட்டையில் இருந்தது.

வாயால் விளக்க வராததால் கதவைச் சாத்திவிட்டுக் காட்டினேன். அவருக்குத் தெரிந்ததெல்லாம் என் முழங்கை மட்டும்தான். மற்ற இடங்களை நான் சொன்னதே இல்லை. கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

“அப்ப நாந்தேன் உன்னையப் புண்ணாக்கிருக்கேனா?”

“இல்லத்த. நோயி ரெண்டு வருசமாவே அங்க இருந்துச்சு. கஞ்சி அதக் கிளறி விட்டுருச்சு. அம்புட்டுத்தான்.”

“ரெண்டு வருசமா இத வச்சுக்கிட்டா பஸ்ஸுல அலையுற?” குரல் ஏறியது. “ஏத்தா, ஊருல உள்ளவுக கதைய எல்லாம் கேட்டுக் கேட்டுப் பேப்பர்ல போடுற. உங் கதைய வீட்டுல சொல்ல மாட்டியாக்கும்?”

ஒரு துணியின் பயணத்தைக் கடையிலிருந்து வீடுவரை ஆராய்ந்தவள், அதைத் துவைக்கிறவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. செய்தியில் இப்படிச் செய்திருந்தால் ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

அந்த ஈரத் துணிகளை அவர் மூன்று தண்ணீரில் அலசினார். கடைசித் தண்ணீர் போர்த் தண்ணீர் இல்லை. குடிக்க வாங்கும் கேன் தண்ணீர். வேண்டாமென்றேன், காதில் வாங்கவில்லை. பிறகு துண்டை உருவிவிட்டு நேர் வெயிலில் காயப்போட்டார். பக்கத்து வீட்டுப் பெண் சுவருக்கு மேலே எட்டி, “என்ன மதினி, எல்லாத்தையும் வெட்டவெளியில காயப்போட்டுட்டீக?” என்று சிரித்தார்.

“ஒங்க வீட்டுல யாரும் போடுறதில்லையாக்கும்?” என்றார் மாமியார். சுவருக்கு மேலே தெரிந்த தலை இறங்கிவிட்டது.

நோய் போய்விடவில்லை. இடுப்பில் ஒரு திட்டு இன்னும் இருக்கிறது; சுடிதார் நாடாவுக்குப் பதிலாக அகலத் துணிப்பட்டை வைத்துத் தைத்துக்கொண்டேன். மார்புக்குக் கீழே சிவப்பு மங்கியிருக்கிறது. புதிதாக எதுவும் வரவில்லை. களிம்பு இப்போதுதான் தன் பாதி வேலையைச் செய்கிறது.

ஆடியில் அதே ஊரில், அதே மடைக்காக மறுபடி கூட்டம் போட்டார்கள். அதே தகரக் கொட்டகை. வியர்வை கொட்டியது. நெளிந்தேன், ஆனால் உட்கார்ந்திருந்தேன். அதிகாரிகள் பேசி முடித்துக் காகிதங்களை அடுக்கியபோதும் எழவில்லை. போன முறை கேள்வி கேட்டவர் எழுந்தார். படத்தில் பார்த்த முகம்தான். “போன தடவ கேட்டதுக்கே இன்னும் பதில் வரல. அதனால புதுசா ஒண்ணும் கேக்கல. பதிலு வாங்காம இங்குட்டுருந்து எந்திரிக்க மாட்டேன்” என்று சொல்லி, தரையில் உட்கார்ந்துவிட்டார். பின்னாலிருந்து ஒவ்வொருவராக வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஐப்பசிக்கு முன்னால் வேலை தொடங்கும் என்று அதிகாரி எழுதிக் கொடுக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

கடைசிவரை இருந்து எழுதினேன். பஸ் வரும்வரை வேப்பமர நிழலில் நின்று மதுரைக்குப் போன் செய்தேன். முதலில் செய்தியைச் சொன்னேன். பிறகு, டெஸ்குக்கு வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.