கயிற்றோடு நடக்க மணல் வேண்டும்

கடற்கரை மேலாண்மையை இரண்டு வருடம் வகுப்பில் படித்தேன். வரைபடத்தில் கடற்கரை எப்போதும் ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் நின்று பார்க்க ஆசை. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, நாகர்கோவிலில் ரயிலேறினேன்.

காலை ஏழு மணி. ரயில் இறங்கிய தம்பானூரிலிருந்து, மலையாளம் பேசும் கடலோர ஊரான பூந்துறைக்கு ஆட்டோ, இருநூறு ரூபாய். ஓட்டுநர் சேவியருக்கு ஊர் பூந்துறை, அம்மா குளச்சல்காரர். மலையாளம் கலந்த தமிழ் வரும்; அதில் ‘திவசம்’ என்றால் நாள்.

“கடல் காணவா? நல்ல திவசம். இன்னைக்கு எங்க கரமடி இறங்குது!”

கரமடி என்பது கரையில் நின்று இரு கயிறுகளால் இழுக்கும் பெரிய வலை. அதற்கு மணல் வேண்டும். அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினார்கள். கல் நின்றது, மணல் போனது. வலையிழுக்க இடமில்லாமல் சேவியர் ஆட்டோ வாங்கினார். பிறகு கடலுக்குள், கரைக்குச் சற்றுத் தள்ளி, மணல் நிரப்பிய ராட்சதப் பைகளைப் போட்டார்கள். அலை அங்கேயே உடைகிறது.

“மணல் வந்துட்டு. ஆனா அடியில பழைய கல்லு கிடக்கு. மடி கீறினா தீர்ந்து. வேற மடி வாங்க வகையில்ல, ஆளுங்களும் பிரிஞ்சு போவும்.”

இறங்கினேன். மணல். அகலமான, நிஜமான மணல். கத்திவிட்டேன், யாரும் பொருட்படுத்தவில்லை. பைகள் முடிகிற தெற்கு ஓரத்தில் வலை ஏற்கெனவே கடலில் இருந்தது. சேவியர் சட்டையைக் கழற்றிவிட்டு ஓடினார். மீன் விற்கும் அவர் தங்கை மேரி, சருவப் பாத்திரத்தை இடுப்பில் வைத்தபடி:

“அண்ணே, ஹாரன் அடிச்சா மீன் வராது, கேட்டியா!”

எனக்கும் கயிற்றில் இடம் கிடைத்தது. ஈரம், உப்பு, உள்ளங்கை எரிச்சல். பாதியில் கயிறு நின்றது. இழுத்தோம். அசையவில்லை.

“கல்லு! இழுக்காதே, அயச்சு விடு!” சேவியர் கத்தினார். “எல்லாரும் வடக்கே நட!”

கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு எல்லோரும் கரையோரமாக வடக்கே நடந்தோம். வலை சிக்கினால் பக்கவாட்டில் நடந்துதான் விடுவிக்க வேண்டுமாம். முன்பு இங்கே நடக்க ஏது இடம்? இப்போது நடந்தோம். நடந்துகொண்டே இருந்தோம். சட்டென்று கயிறு இளகியது. கூச்சல்!

கொஞ்சம் நெத்திலி, கொஞ்சம் சாளை.

“இதுக்கா இந்த பகளம்?” என்றாள் மேரி, எங்கள் ஆரவாரத்தைப் பார்த்து.

சேவியர் மீனைப் பார்க்கவே இல்லை. வலைக் கண்களை விரலால் தடவிக் கிழிசல் தேடிக்கொண்டே போனார். “கீறல! ஒரு எடத்துலயும் கீறல!”

மழைக்காலத்தில் இந்த மணல் நிற்குமா, தெரியாது. பைகள் போடாத அடுத்த கரையில் கடல் வீட்டு வாசலில் நிற்கிறது. அதையும் நடந்து போய்ப் பாருங்கள், அரை மணி நேரம்தான். டிசம்பர் முதல் மார்ச் வரை போகலாம். காலையிலேயே போங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். திரும்பும் வண்டியை மட்டும் முன்கூட்டியே பேசிவைக்காதீர்கள். பத்து மணிக்குத் தம்பானூர் என்று சேவியரிடம் பேசியிருந்தேன். அவர் ஆட்டோ சாவியை மேரியின் சருவத்தில் எறிந்தார்.

“ரெண்டாமத்த மடி இறக்குறோம். கயிறு பிடிக்கிறீங்களா?”

பிடித்தேன்.