வெளியக்கா

யாரைப் பார்த்தாலும் அந்த அம்மாவின் கண் முதலில் போவது செருப்புக்குத்தான். அடுத்தது கணுக்கால், முட்டி, இடுப்பு. முகத்துக்கு வந்து சேர நாலைந்து நொடி ஆகும். அதற்குள் எதிரே நிற்பவரைப் பற்றிப் பாதி தெரிந்துகொண்டுவிடுவார். எங்கள் கல்லூரியின் பதிவு அலுவலகத்துக்கு முன்னால் கிடக்கும் மர பெஞ்சில் காலை எட்டரைக்கே வந்து உட்கார்ந்து, வருகிற போகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் நான் பூட்டைத் திறக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"சார், தப்பா நினைக்காதீங்க. பர்ஸை பின்பாக்கெட்டுல வெச்சுக்கிட்டு நாள்பூரா உக்காராதீங்க. இடுப்பு ஒரு பக்கம் ஏறிப்போச்சு."

மூன்று வருடமாக நான் டாக்டருக்கு டாக்டர் அலைந்த வலி அது. பர்ஸைச் சட்டைப்பைக்கு மாற்றினேன். இரண்டு வாரத்தில் பாதி குறைந்தது.

அவர் தொழில் செயற்கைக் கால் செய்வது. வயது முப்பத்தொன்பது. சாலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற மறுவாழ்வு மருத்துவக் கல்லூரியின் பட்டறையில் பதினாறு வருடமாக வேலை. இப்போது அதே கல்லூரியில் முதுகலையும் படிக்கிறார். எங்களுடையது வணிக மேலாண்மைப் பள்ளி. கோட்டும் லேப்டாப்பும் வருங்காலக் கனவுகளுமாகப் பிள்ளைகள் எம்.பி.ஏ. படிக்கும் இடம். இங்கே முதுகலைப் பாடம் ஒன்றை மட்டும் வெளியிலிருந்து வந்து படிக்க வேண்டும் என்று விண்ணப்பத்தோடு என் ஜன்னல் முன்னால் வந்து நின்றார். நகக்கண்களில் மாவுக்கட்டின் வெள்ளை. கழுவினாலும் போகாத வெள்ளை.

வெளிக் கல்லூரி மாணவர் எங்களிடம் ஒரு பாடம் எடுக்க நான்கு கையெழுத்து வேண்டும். அவருடைய வழிகாட்டி, அவருடைய டீன், எங்கள் பேராசிரியர், கடைசியில் எங்கள் பதிவாளர். அதோடு முடியாது. எங்கள் மாணவர்கள் எல்லோரும் சேர்ந்த பிறகு மிச்சம் இருந்தால்தான் இடம். வந்தவர் திரும்பிப் போய்விடுகிற அளவுக்கு இந்த விதிகளை விளக்கிச் சொல்வதில் நான் கெட்டிக்காரன். அவர் போகவில்லை.

"எத்தனாவது ஆள் நான்?"

"காத்திருப்புப் பட்டியல்ல மூணாவது."

"மூணுதானே? எங்க பட்டறையில நூத்திப்பத்தாவது ஆள்கூட நம்பிக்கையோட நிக்கறான் சார்."

இடம் கிடைக்காமலே வகுப்புக்குப் போக ஆரம்பித்தார். கடைசி வரிசைக்குப் பின்னால், சுவரோரம் நின்றபடி. பாடக் குறிப்புகள் எல்லாம் கணினியில் இருக்கும்; பதிவாகாதவருக்கு அது திறக்காது. ஆகவே காலையில் என் ஜன்னலுக்கு வருவார். அலுவலகப் பிரதியை எடுத்துக் கொடுப்பேன். நின்றுகொண்டே வாசித்து, ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார். அந்த நோட்டை ஒருமுறை பார்த்தேன். புதுச் சொற்களுக்கு அவரே பொருள் எழுதியிருந்தார். 'இன்வென்டரி: காத்துக்கிட்டு இருக்கறவங்க.' 'டெட்லைன்: நாம சொன்ன தேதி, அவங்க நம்பின தேதி.'

குறையே இல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். எதிரில் இருப்பவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் அவரே முடித்துவிடுவார், பெரும்பாலும் வேறு மாதிரி. கணினியின் விசைகளை ஆணி அடிப்பதுபோல அடிப்பார். என் ஜன்னலில் வரிசை நிற்கும்போது, "ஒரே ஒரு கேள்விதான்" என்று பக்கவாட்டில் தலையை நீட்டி ஆறு கேள்வி கேட்பார். கணவர் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுபவர். மனைவியின் படிப்பில் அவருக்குப் பெருமைதான். மாமியாருக்குத்தான் சந்தேகம். "'கால் செய்யறவளுக்குக் கடைக்காரங்க படிப்பு எதுக்குடி?'ன்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்றது? 'அத்தை, கடையில சாமான் சீக்கிரம் கிடைக்குது, எங்ககிட்ட கால் சீக்கிரம் கிடைக்கல, அதான் கேட்டுட்டு வரப் போறேன்'னேன். 'அப்ப சரி, போ'ன்னுட்டாங்க."

அவர் எடுத்த பாடம் செயல்பாட்டு நிர்வாகம். ஒரு வேலை எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, ஏன் தேங்குகிறது என்பதைச் சொல்லித்தருகிற பாடம். நடத்துகிற பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ஸ்டாப்வாட்ச். ஒரு நிமிடம் தாமதமாக வந்தால் கதவு சாத்தியிருக்கும். இரண்டாம் வாரம் வருகைப் பட்டியல் வாங்க நான் போனபோது, ஒரு காலணித் தொழிற்சாலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கிடங்கில் சரக்கு அதிக நாள் காத்திருந்தால் என்ன நஷ்டம் என்று கேட்டார். இடம் அடைக்கும், பழசாகும், மவுசு போகும் என்று பிள்ளைகள் அடுக்கினார்கள். சுவரோரத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"சார், காத்திருக்கும்போது வளருமா?"

வகுப்பு சிரித்தது. ஸ்டாப்வாட்ச் சிரிக்கவில்லை. "எது வளருமா?"

"எங்க பட்டறையில வளரும் சார். ஏழு வயசுப் பொண்ணுக்கு ஜனவரியில அளவெடுக்கறோம். ஜூன்ல கால் தயார். அதுக்குள்ள அவ வளந்துடறா. கால் வளரல. மாட்டிப் பாத்தா குட்டை. மறுபடி அளவெடுத்து, மறுபடி அஞ்சு மாசம். அந்தப் பொண்ணு ரெண்டு வகுப்பு படிச்சு முடிச்சது ஊன்றுகோல்லதான்."

யாரும் சிரிக்கவில்லை. ஸ்டாப்வாட்ச் என்னைப் பார்த்தார். "இவங்க ஏன் நிக்கறாங்க?" விதியைச் சொன்னேன். "விதி இடத்துக்குத்தானே? நாற்காலிக்கு இல்லையே?" என்றார். அன்று அந்த வகுப்புக்கு நாற்காலி தூக்கிப் போனவன் நான்தான். மூன்றாம் வாரம் ஒரு மாணவர் பாடத்தை விட்டார். பட்டியலில் முன்னால் இருந்த இருவரும் அதற்குள் வேறு பாடத்துக்குப் போயிருந்தார்கள். பெயர்ப் பட்டியலில் அவர் பெயருக்குப் பக்கத்தில் 'வெளி' என்று அச்சாகி வந்தது. பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவர் வெளியக்கா.

நான்கு நான்கு பேராகச் சேர்ந்து ஒரு நிஜமான வேலையிடத்தை ஆராய வேண்டும் என்பது அந்தப் பாடத்தின் பெரிய வேலை. வெளியாளைச் சேர்த்துக்கொள்ள எந்தக் குழுவும் முதலில் ஆசைப்படவில்லை. விமானக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு பெண் மட்டும், "அக்கா, எங்களோட வாங்க. உங்க பட்டறையையே எடுத்துக்கலாம்" என்றாள். அவளுக்கு வெளியக்கா வைத்த பெயர் கேப்டன்.

ஆறு வாரம் அந்தப் பிள்ளைகள் சாலையைத் தாண்டிப் போய் வந்தார்கள். ஒவ்வொரு காலிலும் ஒரு சீட்டைக் கட்டி, அது எந்த மேசைக்கு எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று குறித்தார்கள். கோட்டில் மாவு அப்பிக்கொண்டு என் அலுவலகத்துக்கு அச்செடுக்க வருவார்கள். ஒரு கால் செய்யக் கைவேலை மொத்தமே பதினாலு மணி நேரம். ஆனால் அளவெடுத்த நாளிலிருந்து ஆள் மாட்டிக்கொண்டு போகிற நாள்வரை நூற்று நாற்பத்தேழு நாள். மிச்ச நாளெல்லாம் கால் எங்கேயோ சும்மா நிற்கிறது. எங்கே? பொருள் வராததால், ஒப்புதல் குழு கூடாததால், மேலிடத்தில் கோப்பு தூங்குவதால் என்று வெளியக்கா அடித்துச் சொன்னார். பிள்ளைகளும் அப்படித்தான் நம்பினார்கள்.

ஒரு மதியம் கேப்டன் மட்டும் பெரிய தாள் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். என் மேசையில் விரித்தாள். பட்டறையின் வரைபடம். கால்கள் காத்துக் கிடந்த நாட்களுக்குச் சிவப்புப் புள்ளி. எல்லா இடத்திலும் இரண்டு மூன்று தெறித்திருந்தன. ஒரே ஒரு இடத்தில் மட்டும் தாளே தெரியவில்லை.

"நாலாம் மேசை சார். அது யாரோடதுன்னு தெரியுமா? இதை எப்படி அவங்ககிட்ட காட்டறது?"

நான் பதில் சொல்வதற்குள் பக்கவாட்டில் அந்தத் தலை நீண்டது. "ஒரே ஒரு கேள்விதான்..." கண் தாளில் விழுந்தது. கேள்வி வரவில்லை. உள்ளே வந்து, வலது கை விரலை அந்தச் சிவப்பின் மேல் வைத்தார்.

"நான்தானே?"

கேப்டன் தலையை ஆட்டினாள். பட்டறையில் ஏழு பேர் இருந்தாலும் ஒவ்வொரு காலும் மூன்று முறை வெளியக்காவின் கைக்கு வந்தாக வேண்டும் என்பது பட்டறைப் பொறுப்பாளராக அவரே வைத்த ஏற்பாடு. அவர் தடவிப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் எதுவும் நகராது. இந்தப் படிப்புக்காக வாரத்தில் இரண்டு காலை அவர் சாலையைத் தாண்டி வந்ததில் வரிசை இன்னும் நீண்டிருந்தது. தாளில் அதுவும் தெரிந்தது.

அவர் முகம் சிவந்தது. "நான் பாக்காம விட முடியாதும்மா. உனக்குத் தெரியாது. பன்னெண்டு வருஷம் முன்னாடி ஒரு கண்டக்டர். காலோட மேல்பாகம், வெட்டுப்பட்ட கால் உக்கார்ற கிண்ணம், ஒரு பக்கம் அழுத்திடுச்சு. புண்ணாகி, சீழ் வெச்சு, முட்டிக்குக் கீழ வெட்டியிருந்த காலை முட்டிக்கு மேல எடுத்தாங்க. மறுபடி ஆபரேஷன். அந்த மனுஷன் என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தாக்கூடத் தேவல. அன்னிக்கு முடிவு பண்ணேன், இனிமே எல்லாத்தையும் நானே பாக்கறதுன்னு."

 கேப்டன், குற்றம் சாட்டுகிற தொனியே இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்: "அக்கா, அந்தக் காலைக் கடைசியாப் பரிசோதிச்சது யாரு?"

 யாருடைய வாக்கியத்தையும் முடித்துவைக்கிறவருக்குத் தன்னுடையதைத் தொடங்க முடியவில்லை.

"நான்தான்" என்றார் கடைசியில். "அன்னிக்குப் பதினேழாவது கால் அது. விரல் மரத்துப்போயிருந்துச்சு."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். என் ஜன்னலுக்கு வந்த நாளிலிருந்து அவர் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அழவில்லை. தன் விரல்களையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டார்.

அந்தத் தாளில் எழுத ஆரம்பித்தது நாலு நாளில் பதினோரு குறிப்பாக முடிந்தது. தன் விரலுக்குத் தெரிந்ததைச் சொல்லாக்குவது பெரும்பாடு. 'இங்க அமுக்கு, இங்க அமுக்காதே. மாட்டிக் கழட்டின பிறகு தோல் சிவப்பு பத்து நிமிஷத்துல மறையணும், மறையலேன்னா கிண்ணத்தைச் சீவு. வலிக்குதான்னு கேக்காதே, எல்லாரும் இல்லேன்னுதான் சொல்வாங்க. எங்க தொடுதுன்னு கேளு.' அதை எடுத்துக்கொண்டு இரண்டாம் மேசைக்குப் போனார். அங்கே இருப்பவர் இவரைவிட ஆறு வயது மூத்தவர், இவருக்கு முன்பே பட்டறைக்கு வந்தவர். தாளை வாசித்துவிட்டு அவர் சொன்னாராம்: "இதுல எட்டு எனக்கு முன்னாடியே தெரியும். நீ எப்பக் கேப்பேன்னு பத்து வருஷமாப் பாத்துட்டிருக்கேன்."

இதைச் சொல்லும்போது வெளியக்கா சிரித்தார். "செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு சார். ஆனா நல்ல செருப்பு."

குழுக்கள் தங்கள் ஆராய்ச்சியை வகுப்பில் எடுத்துச் சொல்லும் நாள் வந்தது. மற்றக் குழுக்கள் எல்லாம் கம்பெனிகளின் தவறுகளை அலசின. இவர்கள் முறை வந்ததும் கேப்டன் ஒதுங்கிக்கொண்டாள். வெளியக்கா வரைபடத்தைத் திரையில் போட்டுவிட்டு முன்னால் வந்து நின்றார்.

"இந்த இடத்துல ஒரு அடைப்பு இருக்கு பாருங்க. நல்லா பாத்துக்கங்க. அந்த அடைப்பு முப்பத்தொன்பது வயசு, கல்யாணமானது, இப்ப உங்க முன்னாடி நிக்குது."

கண்டக்டர் கதையையும் மறைக்கவில்லை. பதினைந்து நிமிடம் முடிந்தால் நடு வாக்கியத்தில் வெட்டுகிற ஸ்டாப்வாட்ச், அன்று இருபத்திரண்டாவது நிமிடத்தில்தான் கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "மேல சொல்லுங்க" என்றார்.

வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அவருக்குத்தான். ஆனால் எங்கள் மதிப்பெண் சாலையைத் தாண்டும்போது உருமாறிவிடும். வெளியில் எடுத்த பாடத்துக்கு அவர் கல்லூரி வெறுமனே 'தேர்ச்சி' என்றுதான் எழுதும், சராசரியில் சேராது. எனக்கே மனசு கேட்கவில்லை. உறையில் முத்திரை குத்திக் கொடுக்கும்போது சொன்னேன்.

"அதனால என்ன சார்? எந்தப் பேஷன்ட்டு எங்கிட்ட மார்க் கேட்டான்? 'நடக்குமா?'ன்னுதான் கேக்கறான்."

பிறகு, "ஒரு தடவை பட்டறைக்கு வாங்க. இங்கயே உக்காந்து எங்களைப் பத்தித் தாள்லயே பாத்திருக்கீங்க" என்றார்.

சென்ற வாரம் போனேன். நூற்று நாற்பத்தேழு நாள் இப்போது நாற்பத்தொன்று. நாலாம் மேசையில் கால்கள் குவிந்திருக்கவில்லை. ஒன்றே ஒன்று, அதுவும் சிக்கலானது. அறையின் மூலையில், திரைச்சீலைக்கு அந்தப்பக்கம், ஒரு லாரி ஓட்டுநருக்கு முதல் தடவையாகக் கால் மாட்டிக்கொண்டிருந்தார்கள். மாட்டுபவர் இரண்டாம் மேசைக்காரர். ஓட்டுநர் இரண்டு பக்கக் கம்பிகளையும் பிடித்துக்கொண்டு எழுந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி. இரண்டாம் மேசைக்காரர் கீழே உட்கார்ந்து கிண்ணத்தின் விளிம்பைத் தடவி, "எங்க தொடுது?" என்று கேட்டார்.

திரை பாதி விலகியிருந்தது. வெளியக்கா என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.  உதடு மட்டும் அசைந்தது; அந்தப் பதினோரு குறிப்பும் உள்ளே ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஓட்டுநர் நிமிர்ந்து, இவரைக் கண்டுகொண்டார். பட்டறையில் பெரியவர் யார் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"மேடம், நீங்களும் ஒரு வாட்டி கைய வெச்சுப் பாத்துடுங்களேன். மனசுக்கு ஒரு தைரியம்."

கீழே உட்கார்ந்திருந்தவரும் நிமிர்ந்து பார்த்தார். கை விளிம்பிலேயே இருந்தது. எழுந்து இடம் விடுவதா வேண்டாமா என்ற பார்வை.

வெளியக்கா ஓரடி முன்னால் போனார். திரைச்சீலையைப் பிடித்து, வளையங்கள் சத்தமிட, கடைசிவரை இழுத்து மூடினார். தான் இந்தப்பக்கம் நின்றுகொண்டார்.