கோச் ஜெயித்தார், என் தங்கை வீட்டில் யார்?

வெள்ளி காலை நியூவர்க்கில் விமானம் ஏறி, நாலு மணி நேரத்தில் ஹூஸ்டனில் இறங்கினேன். டிக்கெட் 238 டாலர். அங்கிருந்து தொண்ணூறு மைல் தள்ளி ஒரு பல்கலைக்கழக ஊர். நான் எடிசனில் ஒரு கம்பெனியில் கணக்குத் தணிக்கை செய்பவன். "காக்கா, ஒரு கணக்கு பாத்துச் சொல்லணும், வாங்க" என்று தங்கை சபீனா கூப்பிட்டாள். எங்கள் காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்போம்.

சபீனா அந்தப் பல்கலைக்கழகத்தில் கெமிஸ்ட்ரி பாடம் எடுக்கிறாள். அவள் கணவர் நஸீர் ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் பிரியாணிக் கடை வைத்திருக்கிறார். டிசம்பரோடு அவளுக்கு வேலை இல்லை. நாட்டின் இன்னொரு கோடியில், சான் ஹோசேயில் ஒரு காலேஜ் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். போவதா, இருப்பதா என்பதுதான் அவள் சொன்ன கணக்கு.

ஏர்போர்ட்டிலிருந்து வழியெல்லாம் நஸீர் அந்தப் பல்கலைக்கழக ஃபுட்பால் டீம் கோச்சின் புகழைத்தான் பாடினார்.

"மச்சான், இந்த ஆள் வந்தப்புறம்தான் என் கடை கடையா இருக்கு. மேட்ச் அன்னிக்கு ஒரே நாள்ல ஒரு வார பிசினஸ். டிவி பணம், டொனேஷன், எல்லாம் யூனிவர்சிட்டிக்குத்தானே வருது? அவருக்குப் பல மில்லியன் சம்பளம் குடுத்தா என்ன தப்பு?"

நியாயம்தானே என்று பட்டது. சாப்பிட உட்கார்ந்ததும் சபீனா அதைக் குலைத்தாள்.

"லாபம் வந்தா ஸ்போர்ட்ஸுக்குத் தனி பட்ஜெட்டும்பாங்க காக்கா. துண்டு விழுந்தா மட்டும் ஸ்டூடண்ட் ஃபீஸ்ல கை வைப்பாங்க. ஃபயர் பண்ணின பழைய கோச்சுக்கு இன்னும் சம்பளம் போகுது. என் காண்ட்ராக்டை ரினியூ பண்ண மட்டும் ஃபண்ட் இல்லயாம்."

"வீட்ல இருக்கறவனுக்குச் சம்பளமா?"

"அவர் காண்ட்ராக்ட் அப்படி."

"சரி, கோச்சுக்குக் கம்மியா குடுத்திருந்தா உன் வேலை இருந்திருக்குமா?"

"அதுவும் தெரியல காக்கா."

எனக்குத் தலை சுற்றியது. இருபது வருஷமாகக் கணக்குப் பார்த்து என்ன புண்ணியம்?

சனி காலை பதினொரு மணிக்கு ஆட்டம். டிக்கெட் 85 டாலர், தண்ணீர் பாட்டில் 6 டாலர். நஸீர் கடையில் இருந்துகொண்டார். கோச் மேல் அத்தனை எரிச்சலில் இருந்த சபீனா, ஸ்டேடியத்தில் தொண்டை கிழியக் கத்தினாள்.

"என்னம்மா இது?"

"பதினாலாம் நம்பர் என் கிளாஸ் பையன் காக்கா. அவன் ஜெயிக்க வேணாமா?"

ஜெயித்தார்கள். கடைக்குப் போனபோது வரிசை தெரு வரைக்கும் நின்றது. சபீனா ஏப்ரனைக் கட்டிக்கொண்டு பிரியாணி கட்ட ஆரம்பித்தாள். ஒரு மாணவி, அடுத்த செமஸ்டரும் நீங்கள்தானே எடுப்பீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டாள். சபீனா இல்லையென்று தலையாட்டிவிட்டு ரைத்தா டப்பாவை நீட்டினாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

நஸீர் என்னைக் கடைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். "மச்சான், ஜெயிச்சதும் கூட்டத்தைப் பாத்தீங்கள்ல? பக்கத்துக் கடையும் எடுக்கறேன். இப்பத்தான் அட்வான்ஸ் குடுத்தேன். அவ வேலை போனாலும் சமாளிச்சுடலாம். நாளைக்கு நானே அவகிட்ட சொல்லிக்கறேன்."

ஞாயிறு காலை சபீனா என்னை ஏர்போர்ட்டுக்கு அழைத்துப் போனாள். எடிசனில் எங்கள் தெரு சமோசாக் கடைக்கு எந்த டீம் ஜெயித்தாலும் ஒன்றுதான். இந்த ஊரில் ஒரு மனிதரின் சம்பளம் ஒரே வீட்டில் ஒருவருக்குச் சோறு போடுகிறது, இன்னொருவரின் சோற்றைப் பிடுங்குகிறதோ என்றும் படுகிறது. இதை வரவில் எழுதுவதா, செலவில் எழுதுவதா? வழி நெடுக யோசித்தும் பிடிபடவில்லை.

டெர்மினலில் வண்டியை நிறுத்தியதும் சொன்னாள். "சான் ஹோசேக்கு வர்றேன்னு மெயில் போட்டுட்டேன் காக்கா. டீம் ஜெயிச்சுக்கிட்டிருக்கப்பவே கடையைக் குடுத்தா நல்ல விலை வரும். சாயங்காலம் அவர்கிட்ட சொல்லணும்."

"சாயங்காலம் வரைக்கும் வெக்காத. போனதும் பேசு. மொதல்ல அவரைப் பேச விடு."

"ஏன், அவர் என்ன பண்ணிட்டார்?"

பின்னால் ஹார்ன் அடித்தார்கள். பெட்டியை இறக்கிவிட்டு, ஜன்னலில் குனிந்து, அட்வான்ஸ் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

அவள் கியரை மாற்றினாள்.

"நேத்து நாம தோத்திருக்கணும் காக்கா" என்றாள்.