கொடி கட்டிய கார்

எங்கள் பேட்டையில் ஒரு நாட்டுக்கே தூதர் இருந்தார். சம்பளமில்லாத கௌரவத் தூதர். பசிபிக் கடலில் எங்கோ கிடக்கும் அந்தத் தீவை அவர் கண்ணால் பார்த்ததில்லை. அந்தத் தீவுக்காரன் ஒருவன் யாங்கோனில் இருந்ததாக யாரும் கேள்விப்பட்டதும் இல்லை. மனிதர் பருப்பு மொத்த வியாபாரி. காரில் ஒரு நாட்டுக் கொடி பறந்தால் சோதனைச் சாவடியில் சலாம் போட்டு விடுவார்கள். தீவின் மேல் அவருக்குப் பாசம் வந்த கதை அவ்வளவுதான். கோயில் கமிட்டிக்கு இது போதாதா? நம்ம ஆள் ஒரு நாட்டுக்கே தூதர் என்று பூரித்துப்போய் வருடா வருடம் அவருக்குப் பரிவட்டம் கட்டினார்கள். நானும் தூர நின்று சிரித்துக்கொண்டிருந்தேன், அவர் வாசலில் போய் நிற்கவேண்டி வரும்வரை.

என் கணவர் சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை செய்தார். கப்பலின் முதலாளி ஒரு நாடு, சரக்கு இன்னொரு நாடு, மேலே பறந்த கொடி மட்டும் அந்தத் தீவுடையது. பணம் கட்டினால் எந்த ஓட்டைக் கப்பலுக்கும் தன் கொடியைக் கொடுப்பது அந்தத் தீவு அரசாங்கத்துக்கு நல்ல வருமானம். ஒருநாள் முதலாளி நொடித்துப்போனான். ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே கப்பலை நங்கூரத்தோடு கைகழுவிவிட்டான். முதலில் சம்பளம் நின்றது, பிறகு அரிசி நின்றது. துறைமுகத்தார் ஆட்களைக் கரையிறங்க விடவில்லை. கொடிக்கு உரிய அரசாங்கம் பொறுப்பேற்று ஒரு வார்த்தை சொன்னால் இறக்கி ஊருக்கு அனுப்புகிறோம் என்றார்கள். யாங்கோன் படகுத்துறைப் பக்கம் போட்டாதாங்கில் இவரை வேலைக்கு ஏற்றிவிட்ட ஏஜெண்ட் கையை விரித்தான். உங்கள் பேட்டையிலேயே தூதர் இருக்கிறாரே, அவரைப் பிடியுங்கள் என்று வழி சொன்னான்.

போனேன். பெரிய மனிதர்களை இங்கே சயா என்றுதான் கூப்பிடுவோம். சயா தன் முன்னறையில் ஒரு பெரிய வரைபடத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். அதில் தீவைத் தேடினேன். எனக்கு நீலம்தான் தெரிந்தது. நான் அழுதுகொண்டே சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"கப்பல்னா லேசுப்பட்டதில்ல தங்கச்சி. சட்டப்படி அது எங்க நாட்டு மண்ணு. ஒங்க வீட்டுக்காரரு இப்ப எங்க மண்ணுலதான் பத்திரமா இருக்காரு" என்றார்.

எங்க நாடாம். பருப்பு மூட்டை ஏற்றப் போனதைத் தவிர ஆற்றைத் தாண்டாத மனிதர். தீவின் அமைச்சர் இங்கே வரப்போகிறார், நேரிலேயே பேசிவிடலாம் என்று அனுப்பிவைத்தார். நம்பினேன். வேறு யாரை நம்புவது?

அமைச்சர் வந்தார். நான் வேலை பார்க்கும் ஓட்டலிலேயே கூட்டம். சிறு தீவு நாடுகளும் வட்டார வளர்ச்சியும் என்று மேடையில் எழுதியிருந்தது. மேசைகளுக்கு வெள்ளைத்துணி விரித்தவள் நான். அமைச்சர் பேசப் பேசப் பர்மியத்தில் சொன்னார்கள். கடல் ஏறிவருகிறது, ஒவ்வொரு பிடி மண்ணும் எங்களுக்கு உயிர், பெரிய நாடுகள் திரும்பிப் பார்ப்பதில்லை என்றார். உப்புத்தண்ணீர் வாசலுக்கு வந்துவிட்டதே என்று அங்கேயும் ஒருத்தி என்னைப்போலத் தவித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அடுத்த மூச்சிலேயே அமைச்சர் கப்பல் கொடிக்கு வந்துவிட்டார். எங்கள் கட்டணம் குறைவு, எங்கள் விதிகள் எளிமை என்றார். அதாவது, காசைக் கட்டு, நாங்கள் எதையும் கேட்கமாட்டோம். கப்பல் முதலாளிகள் கைதட்டினார்கள். அந்தத் தவிக்கும் பெண்ணின் பெயரைச் சொல்லித்தான் இந்த விருந்து என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தண்ணீர் ஊற்றும் சாக்கில் சயாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். அமைச்சர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். அந்த ஒரு வார்த்தை, சயா, என்று மெதுவாகக் கேட்டேன். அவர் இறாலை உரித்துக்கொண்டே, திரும்பாமலே பதில் சொன்னார்.

"இது வளர்ச்சி பத்தின கூட்டம், தங்கச்சி. இங்க வந்து சொந்தக் கதை பேசலாமா?"

கையிலிருந்த ஜாடியை அந்தத் தலையில் கவிழ்த்திருக்கலாம். வேலை போய்விடுமே என்று விட்டுவிட்டேன். அந்தத் தலையை நினைத்தால் இன்றும் கை துறுதுறுக்கிறது.

கடைசியில் கப்பலிலிருந்து அவர்களை இறக்கியது எந்த நாடும் இல்லை. அந்தத் துறைமுகத்து மாலுமிகள் சங்கம் ஓயாமல் சண்டை போட்டு ஊருக்கு அனுப்பியது. வந்து நின்றவரைப் பார்த்தேன். பழைய சட்டைக்குள் இன்னொரு ஆள் புகுந்துகொள்ளலாம். கப்பலைப் பற்றி வீட்டில் வாயே திறக்கவில்லை. நானும் கிளறவில்லை.

அடுத்து கோயில் திருவிழா. தூதர் பேசித்தான் நம் பிள்ளை மீண்டு வந்தார் என்று கமிட்டிக்காரர் மைக்கில் அறிவித்தார். சயா மறுக்கவில்லை, அடக்கமாகச் சிரித்தார். தலையில் பரிவட்டத்தோடு என் கணவரைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தோளில் கையும் போட்டுக்கொண்டார்.

"எங்க நாட்டு மண்ணுல இத்தன மாசம் இருந்துட்டு வந்திருக்கீங்க. எப்படி இருந்துச்சுன்னு நம்ம சனங்களுக்குச் சொல்லுங்க" என்று மைக்கை நீட்டினார்.

கணவர் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"மழ பேஞ்சா தண்ணி கெடச்சுது சயா" என்றார். "எங்க சமையக்காரரு செத்தப்பதான், பொதைக்க மண்ணு இல்ல. கடல்ல விட்டோம்."

எனக்கே அது அப்போதுதான் தெரியும். கமிட்டிக்காரர் மைக்கைப் பிடுங்கி, அன்னதானத்துக்கு இலை போடச் சொன்னார். சயா முதல் பந்தியில்தான் உட்கார்ந்தார். பாயசம் இரண்டு முறை கேட்டு வாங்கினார்.