கிளட்ச் மேல் வைத்த கால்

மாலை ஆறு இருபதுக்கு மின்சாரம் போனது. 1974 நவம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

இது நடக்கவே இல்லை என்று யாராவது எனக்கு நிரூபித்தால் நிம்மதியாகத் தூங்குவேன். இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை.

மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் ஒன்று என்னிடம் இருந்தது. அதன் கியர்பாக்ஸ் உடைந்துபோனது. புதுப்பேட்டையில் பழைய சாமான் விற்கும் இனாயத்திடம் ஒரு வேனின் கியர்பாக்ஸ் கிடைத்தது. தேனாம்பேட்டைச் சந்தில் ஷெட் வைத்திருந்த பொன்னுரங்கம் அதை ஜீப்பில் பொருத்தினார். எடுபிடி நான்.

கிளட்ச் பிளேட்டில்தான் சிக்கல். ஜீப்பின் பிளேட், வேன் கியர்பாக்ஸ் தண்டின் பற்களில் ஏறவில்லை. புதிது வாங்கி நடுப்பாகத்தை வெட்டி, மாற்றி, ரிவிட் அடிக்கலாம். இல்லையென்றால் கியர்பாக்ஸோடு வந்த பழைய பிளேட்டையே போடலாம். பொன்னுரங்கம் பழையதைத் தண்டில் விட்டுப் பார்த்தார். ஆடவில்லை, உரசவில்லை. வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"என் பொண்ணுக்கே இப்டிப் பொருத்தம் அமையல நைனா," என்று சிரித்தார். மகள் தேவானைக்குத் தை மாதம் கல்யாணம்.

பழையதையே போட்டோம்.

பின்சக்கரங்களைத் தூக்கி, வண்டியை மரக்கட்டைகள் மேல் நிறுத்தினோம். அவர் அடியில் படுத்தார். நான் ஸீட்டில் உட்கார்ந்தேன். எஞ்சின் ஓடும், கியர் விழுந்திருக்கும். கிளட்சை அமுக்கிப் பிடித்தால் சக்கரம் நிற்க வேண்டும். அதைப் பார்த்து அடியில் இருப்பவர் நட்டைத் திருகுவார். அவர் சொல்லாமல் மேலே இருப்பவன் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் சக்கரம் சுழலும், அந்த உலுக்கலில் வண்டி கட்டையை விட்டு இறங்கும். அவர் மேல். அந்தச் சந்தில் எல்லா ஷெட்டிலும் இப்படித்தான் பார்ப்பார்கள்.

அப்போதுதான் மின்சாரம் போய் இருட்டியது. தகரக் கூரையில் மழை.

"அமுக்கியே புடி நைனா. டார்ச் கீது."

"சரி."

டார்ச் எரியவில்லை. நட்டு திருகும் சத்தமும் நின்றிருந்தது.

"வுடு நைனா."

காலைத் தளர்த்தினேன். சக்கரம் உறுமியது.

"வுடாதே! நா சொல்லல!"

அமுக்கினேன். இரண்டும் பொன்னுரங்கத்தின் குரல்தான். ஒன்று இடப்பக்கத்திலிருந்து வந்தது. மற்றது வலப்பக்கத்திலிருந்து...

"பொன்னுரங்கம், விளையாடாதீங்க."

"வுடு நைனா. கை மாட்டிக்கினு கீது. நசுங்குது."

"அவன் பேச்சக் கேக்காதே."

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் நிற்கவில்லை.

கியரை இழுத்தேன். வரவில்லை.

இரண்டு கையாலும் முழங்காலை அழுத்திப் பிடித்தேன்.

கணுக்காலை விரல்கள் சுற்றிக்கொண்டன. ஈரமான விரல்கள். மெதுவாக... மேலே தூக்கின.

"வுடு."

"வுடாதே."

"வுடு..."

கால் எழும்பியது. நான் எழுப்பவில்லை.

எஞ்சின் இருமியது. நின்றது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது.

மழை மட்டும்.

பொன்னுரங்கம் ஊர்ந்து வெளியே வந்தார். இரண்டு கைகளும் முழுசாக இருந்தன. மூச்சு வாங்கினார்.

"டார்ச் எங்கே?" என்றேன்.

"டார்ச்சா? அது வூட்ல கீது."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நா எங்க சொன்னேன்? கரண்ட் போனதுமே ஒரு கை வந்து என் வாயப் பொத்திக்கிச்சு நைனா. நீதான் யார்கிட்டயோ பேசிக்கினு இருந்தே."

மறுநாள் இனாயத்திடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். முதலாளியைக் கண்ட கடைப்பையனைப் போல் எழுந்து நின்றுவிட்டார். பிறகு உட்கார்ந்தார்.

"அந்த வேன் எங்களோடதுதான் சார். ஆதம்பாக்கத்துல மெக்கானிக் ஹனீஃபா அடியில படுத்து கிளட்ச் பாத்தாரு. மேல என் தம்பி அக்பர் பாஷா. வண்டி இறங்கிடுச்சு. ஹனீஃபா போயிட்டாரு."

"உங்க தம்பி காலை எடுத்துட்டாரா?"

"விடுன்னு சொன்னது ஹனீஃபா குரல்தான்னான். கூடவே விடாதேன்னும் கேட்டுச்சாம். யாரும் நம்பல. நானே அடிச்சேன். இரும்புதானேன்னு சாமானை வித்தேன்."

பிறகு மெல்லச் சொன்னார்.

"இன்னிக்கும் தம்பி எங்க உட்காந்தாலும் இடது காலைத் தரையில அழுத்தியே வெச்சிருக்கான். தூக்கத்துலயும் சுவத்துல அழுத்தறான். யாராலயும் எடுக்க முடியல. நீங்க ஒரு தடவை வீட்டுக்கு வந்து, அவன் பொய் சொல்லலன்னு சொல்றீங்களா சார்?"