முன்வரிசைக் கதிரை

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்குப் போவதற்கு முன்னால் நான் பாடிய கலியாணங்களில் என்னை ஒருவரும் கவனித்துக் கேட்டதில்லை. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, உள்ளது அதுதான். திருகோணமலையில் மத்தியானச் சாப்பாட்டோடு நடக்கும் கலியாண வரவேற்பில் இசைக்குழு என்பது மின்விசிறி மாதிரி. சுற்றிக்கொண்டிருந்தால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள், நின்றால்தான் நிமிர்ந்து பார்ப்பார்கள். நான் மேடையில் உருகி உருகிப் பாடுவேன். கீழே பாயாசத்துக்குச் சீனி போதாது என்று பேச்சு நடக்கும். எந்தக் கலியாணமானாலும் யாராவது ஒரு பெரியவர் மேடைக்குக் கிட்ட வந்து, "பிள்ளை, உந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கோ. பக்கத்தில இருக்கிறவனோட கதைக்க ஏலாமல் கிடக்கு" என்பார். மண்டபத்துக்கு மண்டபம் ஆள் மாறுவார், வசனம் மாறாது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன்.

எங்கள் குழுவை நடத்தியவர் கிண்ணியாவில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு அவர் நானா. கீபோட் வாசிப்பதும் அவர்தான், சவுண்ட் பெட்டியைப் பார்ப்பதும் அவர்தான். வேலை இருந்தால் காலையில் அழைப்பு வரும். "தங்கச்சி, வெளிக்கிட்டு நில்லு, வேன் வருது." எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம் அவ்வளவுதான். பெரியவர்கள் வந்து முறைப்பாடு செய்தால் என்னை ஒரு வார்த்தை கேட்காமலே சத்தத்தைக் குறைத்துவிடுவார். பாடுகிற எனக்குத்தான் உச்சி கொதிக்கும். இந்தச் சனம் ஒருநாளாவது வாயை மூடிக்கொண்டு என்னைக் கேட்க வேண்டும் என்ற ரோசத்தில்தான் போட்டிக்கு விண்ணப்பித்தேன்.

கொழும்பில் கேட்டார்கள். விளக்கை அணைத்துவிட்டு, இருமலைக்கூட அடக்கிக்கொண்டு கேட்டார்கள். பழக்கமில்லாத அமைதியில் முதல் பாட்டிலேயே தாளம் தப்பப் பார்த்தது. என்னைத் துறைமுகத்துப் பெண் என்று அறிமுகப்படுத்த வேண்டுமாம். படப்பிடிப்புக் குழு ஊருக்கு வந்து, என் தலைமயிரை விரித்துவிட்டு, ஒரு வள்ளத்தில் ஏற்றி நிற்க வைத்தது. அப்பாவுக்கு மாவட்டக் கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், எழுதுவினைஞர் வேலை. எனக்கு வள்ளம் என்றால் வயிற்றைப் பிரட்டும். இரண்டு வாந்திக்கு நடுவில் எடுத்த படம்தான் நாடு முழுக்கப் போனது. ஒரு நடுவர் கண்ணைத் துடைத்தபடி, என் குரலுக்குள் கடல் இருக்கிறது என்றார். அன்றைக்கு அம்மா ஃபோனில், "கடலோ? நீ காலைக்கூட நனைக்கிறேல்லையே" என்றார்.

இறுதிச் சுற்றுக்கு ஒரு படி முன்னால் வெளியேற்றினார்கள். மேடையிலேயே அழுதேன். வென்ற பிள்ளையின் பாட்டைவிட என் அழுகையைத்தான் சனம் அதிகம் பகிர்ந்தது.

ஊருக்குள் பாண்ட் வாத்தியத்தோடு கூட்டிப்போனார்கள். விளையாட்டுக் கழகத்துப் பெடியள் மதில்களில் எல்லாம் மாப்பசை பூசி என் படத்தை ஒட்டியிருந்தார்கள். டவுனுக்குள் திரியும் மான்களுக்கு மாப்பசை என்றால் உயிர். கிழமை முடியுமுன் என் கழுத்துக்குக் கீழே இருந்ததையெல்லாம் தின்று தீர்த்துவிட்டன. சந்திக்குச் சந்தி வாயைத் திறந்தபடி தலை மட்டும் மிஞ்சியது. "மேல எட்டேல்லைப் போல" என்றார் அப்பா. அன்றைக்கு வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகு நான் பிரதம விருந்தினர் ஆனேன். முன்பள்ளி விளையாட்டுப் போட்டி, மூக்குக்கண்ணாடிக் கடைத் திறப்பு, தோப்பூரில் ஒரு வாசிகசாலையின் ஆண்டு விழா. எங்கே போனாலும் ஒரே ஒழுங்கு. மாலை, பொன்னாடை, முன்வரிசையில் வெள்ளைத் துணி போர்த்த கதிரை, கையில் ஒரு குளிர்பானம். பாடத்தான் சொல்லமாட்டார்கள். "அவவைப் போய்ப் பாடச் சொல்லிக் கரைச்சல் குடுக்கக் கூடாது" என்று ஒருவரை ஒருவர் கண்டிப்பது என் காதிலேயே விழும். எங்கள் சனத்துக்கு ஒரு ஆளைத் தூக்கி வைக்கத் தெரியும், இறக்கத் தெரியாது. பெரிய ஆளிடம் வேலை சொல்வது மரியாதை இல்லை என்று நினைத்தார்கள். பாட்டுத்தான் என் வேலை என்பது ஒருவருக்கும் மூளையில் ஓடவில்லை. அலுமாரி நிறைந்தபின் அம்மா பொன்னாடைகளில் ஒன்றைத் தையல் மெசினுக்கும் ஒன்றைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் போர்த்தினார்.

அந்த வாசிகசாலை விழாவுக்கு வாசிக்க வந்தது எங்கள் குழுதான். என் இடத்தில் சாம்பல்தீவுப் பிள்ளை ஒன்று நின்று பாடியது. நன்றாகத்தான் பாடியது. எனக்கு வயிறு எரிந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன்.

"நானா, இப்ப என்னைக் கூப்பிடுறேல்லையோ?"

அவர் வயரைச் சுற்றிக்கொண்டே சிரித்தார். "பகிடி விடாதீங்க தங்கச்சி. எங்கட மேடையெல்லாம் உங்களுக்கு எந்த மூலைக்கு?"

பகிடி இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் பாட இடம் தா என்று கெஞ்சிக் கேட்க எனக்கும் ரோசம் விடவில்லை. சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. காலையில் குளித்து வெளிக்கிட்டு நிற்பேன், போக ஓரிடமும் இராது. டச்சுக்குடாக் கடற்கரைப் பக்கம் நடந்தால் செல்ஃபிக்கு நிற்கவேண்டும். கிணற்றடியில் வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் ஃபோனை நீட்டுவார். குசினிக்கும் படலைக்கும் நடந்து நடந்து அம்மாவின் பொறுமையைக் கெடுத்தேன். "ஒரு இடத்தில இரன்" என்பார். எப்படி இருப்பது? பாடாமல் கிடந்து குரல் போய்விடுமோ, இந்த வயதிலேயே நான் முடிந்துபோன ஆளோ என்று பயம் பிடித்தாட்டியது. இதை யாரிடம் சொன்னாலும், ஊரே கொண்டாடுதே, பிறகென்ன குறை என்றுதான் கேட்பார்கள்.

ஒரு காலையில் நானாவின் அழைப்பு வந்தது.

"தங்கச்சி, குறை நினைக்கக் கூடாது. சாம்பல்தீவுப் புள்ளைக்குக் காய்ச்சல். இண்டைக்கு மத்தியானம் உவர்மலையில கலியாணம். உங்களுக்குத் தெரிஞ்ச பாடுற புள்ளையள் ஆராவது இருக்கா?"

ஃபோனைக் காதிலிருந்து எடுத்து ஒருதரம் பார்த்தேன். யாரிடம் எதைக் கேட்கிறார் இந்த மனுசன்!

"ஓம், ஒரு ஆள் இருக்கிறா" என்றேன்.

"நல்லாப் பாடுமா?"

"பரவாயில்லை. கொஞ்சம் வாய்க்காரி."

"அது காணும். அனுப்பி விடுங்க."

ஓட்டோ பிடித்துப் போய் இறங்கினேன். மண்டப வாசலில் பன்னீர் தெளித்த பெண்கள் என்னைக் கண்டதும் திகைத்துவிட்டார்கள். பெண்ணின் தகப்பன் ஓடிவந்தார். அழைப்பிதழ் கொடுக்காமல் விட்டதற்கு மன்னிப்புக் கேட்டபடி என்னை முன்வரிசைக்குக் கூட்டிப்போனார். எங்கிருந்தோ வெள்ளைத் துணி போர்த்த கதிரை வந்தது. குளிர்பானமும் வந்தது. மேடையில் நானா எழும்பி நின்று, அந்தப் பிள்ளை எங்கே என்று கைச்சாடையால் கேட்டார். நான் குளிர்பானத்தைக் கதிரையில் வைத்துவிட்டு மேடையில் ஏறி மைக்கை எடுத்தேன்.

"நான்தான் அந்தப் பிள்ளை. தொடங்குங்கோ."

நானா குனிந்து என் பழைய சுருதியைப் பிடித்தார்.

நான் தொடங்கியதும் மண்டபம் அடங்கிவிட்டது. ஃபோன்கள் உயர்ந்தன. பந்தியில் பரிமாறியவர்கள் வாளியோடு அப்படியே நின்றார்கள். கொழும்பில் கேட்ட அதே அமைதி. நான் ஆசைப்பட்டுத் தேடிப்போன அமைதிதான், ஆனால் உவர்மலையில் வந்து நின்றபோது எனக்கு அது ஒட்டவில்லை. இங்கேயும் நான் தொலைக்காட்சிப் பெட்டிக்குள்தான் நிற்கிறேன் என்று பட்டது. அடுத்த பாட்டும் அப்படியே போனது. இறங்கிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு ஒரு குழந்தை வீரிட்டது. கை வலித்தவர்கள் ஃபோனை இறக்கினார்கள். பாயாசம் வந்தது. மூலையில் தொடங்கிய கதை மெல்ல மெல்ல மண்டபம் முழுக்கப் பரவியது. அதற்குள் ஒரு பெரியவர், வாய் நிறைய வெற்றிலையோடு, மேடைக்குக் கிட்ட வந்துவிட்டார்.

"பிள்ளை, உந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கோ. கதைக்க ஏலாமல் கிடக்கு."

பெண்ணின் தகப்பன் பதறி ஓடிவந்து அவரின் கையைப் பிடித்தார். "பெரியப்பா, இவ ஆரெண்டு தெரியாதோ?"

"ஆராயிருந்தால் எனக்கென்ன? காது அடைக்குது."

எனக்குக் கோபம் வந்தது. உச்சிவரை ஏறும் அந்தப் பழைய கோபம். எத்தனை மாதத்துக்குப் பிறகு வருகிறது என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது. திரும்பி நானாவைப் பார்த்தேன். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டிக்குக் கையை நீட்டிச் சத்தத்தைக் குறைத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த பாட்டைத் தொடங்கினேன்.